சவுத்தாலில் ஒரு காற்றுத் திருட்டு

அத்தியாயம் 7

லண்டனில் துப்பறிவாளர்களுக்குப் பஞ்சமில்லை. கணவன் எங்கே போகிறான் என்று பார்க்க ஒருவர், மனைவி எங்கே போகிறாள் என்று பார்க்க ஒருவர், இரண்டு பேரும் ஒரே கடைக்குள் போய் முட்டிக்கொண்டால் வெளியே நின்று படம் எடுக்க ஒருவர் என்று தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆனால் காற்று எங்கே போகிறது என்று பார்ப்பதற்கு ஒரே ஒருவர்தான் இருந்தார். இல்ஃபோர்டில் ஒரு பல் வைத்தியருக்கு மேல்மாடியில் அலுவலகம். பெயர் சண்முகராசா. வயது அறுபத்திரண்டு. தொழிற்சாலைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'காற்றுப் பொலிஸ்.'

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. காற்று சும்மா கிடைக்கிற சாமான் என்று சொல்பவர்கள் தொழிற்சாலைக்குள் கால் வைக்காதவர்கள். அதே காற்றைக் கொம்பிரசரில் அமுக்கிக் குழாய்க்குள் அடைத்துவிட்டால், அதைப்போல மின்சாரம் தின்னும் பண்டம் அந்தக் கட்டடத்தில் வேறு இருக்காது. குழாயில் ஒரு பென்சில் முனையளவு ஓட்டை விழுந்தால் போதும், ஆளில்லாத வீட்டில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி இரவு பகலாகப் போய்க்கொண்டே இருக்கும்.

ஒருமுறை லெஸ்டரில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் சண்முகராசா ஓர் ஓட்டையை அடைத்தார். அந்தச் சீறல் நின்றவுடன் பக்கத்து வீட்டு நாய் இருபது வருடத்தில் முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கியது. நாய்க்கு வயது பன்னிரண்டு. கணக்கு இடிக்கிறதே என்று உதவியாளர் பவளக்கொடி கேட்டால், "முதல் எட்டு வருசமும் அதின்ரை தாய்" என்று முகத்தில் ஒரு கோடும் அசையாமல் சொல்வார்.

பவளக்கொடி மலேசியாக்காரி, ஊர் கிள்ளான். எஞ்சினியரிங் படிக்க வந்து, படித்து முடித்து, நாற்பது வயதில் காற்றுப் பொலிஸிடம் சம்பளத்துக்குச் சேர்ந்தவள். படிப்பைவிட வாய் நீளம் என்று சண்முகராசா சொல்வார். வாய் இல்லையென்றால் சம்பளம் கூட்டிக் கேட்பது எப்படி என்று அவள் சொல்வாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் சவுத்தாலில், மிளகாய்த்தூளும் இடியப்ப மாவும் பைகளில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றுக்குள் நுழைந்தார்கள். சண்முகராசா மூன்று முறை தும்மினார். பவளக்கொடி நான்கு முறை.

"கேஸ் ஆரம்பிச்சாச்சு பாஸ். நான் ஒன்னு லீடிங்."

முதலாளி அருட்பிரகாசம் பாரிஸில் பத்து வருடம் கோப்பை கழுவிவிட்டு லண்டன் வந்து முன்னுக்கு வந்தவர். அலுவலகத்துக்குள் அவருடைய கதிரைக்கு மேலே, பலகைச் சுவரில் சாமித்தட்டு. முருகனும் இலக்குமியும். அருட்பிரகாசம் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்தார். புகை ஒரு சாண் நேராக எழுந்தது. பிறகு யாரோ கூப்பிட்ட மாதிரி இடதுபக்கம் திரும்பி, மாக்கிடங்குப் பக்கமாகப் போனது.

"பாத்தனீங்களே சண்முகண்ணை? யன்னலும் இல்லை, ஃபேனும் இல்லை. கிடங்குப் பக்கமாத்தான் போகும். இலக்குமி கை காட்டுறா."

"எங்க ஆபிஸ்ல புகை நேரா சீலிங்குக்குப் போயி அலாரம் அடிக்கும்" என்றாள் பவளக்கொடி.

அருட்பிரகாசம் அதைக் கேட்காதவர் போல மேசையில் இரண்டு காகிதங்களைப் போட்டார். முதலாவது, மின்சாரக் கம்பனி அனுப்பிய வரைபடம், அரை மணிக்கு ஒரு புள்ளி. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தொழிற்சாலை பூட்டப்பட்ட பிறகும் கோடு கீழே விழவில்லை. ஞாயிறு முழுவதும் ஒரே உயரத்தில் ஓடியது. இரண்டாவது, தட்டச்சு செய்த ஒரு கடிதம்.

"எங்கடை கொம்பிரசர் காத்து எடுத்தாத்தான் ஓடும். எடுக்காட்டிப் படுத்திடும். ஞாயிறிலை அது ஓடுது எண்டால் ஆரோ காத்து எடுக்கினம். கதவுத் திறப்பு என்னட்டை ஒண்டு, விஜயரத்தினத்திட்டை ஒண்டு. கமெரா பாத்தனான். ஒவ்வொரு ஞாயிறும் எட்டு மணிக்கு உள்ளை போறார், பன்னிரண்டுக்கு வெளியிலை வாறார். என்ரை மெஷினிலை ஆருக்கோ தூள் அடைச்சுக் குடுக்கிறார். கேட்டா வாய் திறக்கிறாரில்லை."

விஜயரத்தினம் அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள். தொழிற்சாலை திறந்த நாளிலிருந்து இருப்பவர். வயது ஐம்பத்தேழு.

"இந்தக் கடிதம்?" என்றார் சண்முகராசா.

"வேலையாலை நிப்பாட்டுற கடிதம். ரெண்டு மணிக்குக் குடுக்கப் போறன். பதினொரு வருசப் பழக்கம் அண்ணை, ஆதாரம் இல்லாமல் குடுக்க மனம் வரேல்லை. அதுதான் உங்களைக் கூப்பிட்டனான். உந்த மெஷினைப் பூட்டித் தந்ததே நீங்கள் தானே. அண்டைக்கு 'போட்டு வாறன்' எண்டு போனனீங்கள். பதினொரு வருசம் கழிச்சு இண்டைக்குத்தான் வாறியள்!"

அருட்பிரகாசம் சிரித்தார். சண்முகராசாவும் சிரித்தார். ஆனால் மிளகாய்த்தூள் கண்ணில் பட்டால் எப்படி இருக்குமோ அப்படி உள்ளுக்குள் ஏதோ ஒன்று சுருக்கென்றது. பதினொரு வருடத்துக்கு முன் அவர் வேறொரு கம்பனியில் பொருத்துநராக இருந்தார். இங்கே கொம்பிரசரைப் பூட்டியது ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கினார். ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. இல்ஃபோர்டில் எலிசபெத் லைன் ரயிலில் ஏறினால் சவுத்தாலில் இறங்கத்தானே வேண்டும், அவ்வளவு தூரம்தான்.

"இந்தக் கோட்டைப் பாருங்கோ" என்றார், பேச்சை மாற்ற. "சனி ராத்திரி ரெண்டு மணிக்கும் இதே உயரம். ஞாயிறு காலமை எட்டுக்கும் இதே உயரம். விஜயரத்தினம் உள்ளை வரேக்கை ஏறவுமில்லை, போகேக்கை இறங்கவுமில்லை."

"சாப்பாட்டுக்குக்கூட நிறுத்தாத திருடன்" என்றாள் பவளக்கொடி. "டாய்லெட்டுக்கும் போகல. இவன் மனுசன் இல்ல பாஸ். இவனுக்கு அவார்ட் குடுக்கணும்."

"அப்ப ஓட்டை எண்டு சொல்லுறியளோ?" அருட்பிரகாசம் கடிதத்தை மடிக்கவில்லை. "ஓட்டை எண்டாலும் பாக்க வேண்டியது ஆர்? விஜயரத்தினம்! கடிதத்திலை ஒரு வரியை மாத்தினாச் சரி."

மணி பத்தரை. மூன்றரை மணித்தியாலம் இருந்தது.

*

சண்முகராசாவிடம் ஒரு கருவி உண்டு. பார்த்தால் துப்பாக்கி. ஓட்டையால் காற்று வெளியேறும்போது மனிதக் காதுக்கு எட்டாத ஒரு சத்தம் வரும். கருவி அதைப் பிடித்து, காதில் மாட்டிய ஹெட்போனில் 'ஸ்ஸ்' என்று கேட்கச் செய்யும். சுற்றிவர மெஷின்கள் எவ்வளவு இரைந்தாலும் அதற்குக் கவலையில்லை.

பொதி கட்டும் பகுதியில் அவர் அதை நீட்டிக்கொண்டு நடந்தபோது, அங்கே வேலை செய்யும் துஷ்யா என்ற பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"அங்கிள், இது லை டிடெக்டரா?"

சண்முகராசா இல்லையென்று சொல்ல வாய் திறப்பதற்குள், "ஆமா" என்றாள் பவளக்கொடி. "பொய் சொன்னா சீறும்."

துஷ்யாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் குழாய், நுனியில் தூசு ஊதும் ஏர் கன்னோடு, தொங்கியது. சண்முகராசாவின் ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் வைத்தாள் பவளக்கொடி. அது சீறியது.

"ஓகே, ஓகே! நான்தான். மழையில நனைஞ்சா அந்த ஏர் கன்ல ஹேர் டிரை பண்ணுவன். டூ மினிட்ஸ் அக்கா, சத்தியமா!" கருவி தொடர்ந்து சீறியது. "சரி, டென் மினிட்ஸ்! சமர்ல வெக்கைக்குச் சட்டைக்குள்ளயும் விடுவன்!"

செய்தி மெஷினுக்கு மெஷின் பரவியது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கிறிஸ்துராஜா தானாகவே இறங்கி வந்து நின்றார். பெரிய உடம்பு, சின்னக் குரல்.

"தங்கச்சி, அதை என்னட்டை நீட்டாதேங்கோ. நானே சொல்லுறன். காருக்குக் காத்தடிச்சனான்."

"ஒரு தடவையா?"

"கிழமைக்கு ஒருக்கா. எங்கடை பாதரின்ரை காருக்கும் அடிச்சனான். அவரிட்டைப் பாவசங்கீர்த்தனமும் செய்யேலாது. டயர் அவரின்ரை."

சண்முகராசா ஒவ்வொரு கசிவிலும் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிக்கொண்டே போனார். பதினாறு நாடாக்கள் கட்டினார், ஒன்பது பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தொழிற்சாலையில் காற்றுத் தொடாத கை இல்லை. ஆனால் பதினாறையும் கூட்டினாலும் அந்தக் கோட்டின் கால்வாசி உயரம்கூட வராது.

"இவுங்க எல்லாம் பாக்கெட் அடிக்கிறவுங்க பாஸ்" என்றாள் பவளக்கொடி. "பேங்க்ல கை வைச்சவன் வேற யாரோ."

*

கொம்பிரசர் அறை கட்டடத்தின் பின்பக்கம். விஜயரத்தினம் அங்கேதான் ஒரு வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர். மெஷினில் ஒரு தூசு இல்லை. அதன் நெற்றியில் மட்டும் பதினொரு வருடத்துக்கு முன் வைத்த சந்தனப் பொட்டின் அடையாளம்.

அவர் சண்முகராசாவைக் கண்டதும் எழுந்து நின்றார். நெடுநேரம் பார்த்தார்.

"இண்டைக்குத் திங்கள் தானே?" என்று கேட்டார்.

"ஓம், திங்கள்."

"ம்" என்றார். முகத்தில் ஏதோ ஒரு தெளிவு வந்து போனது. "திங்கள் தான்."

சண்முகராசா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்து நிமிடம் கழித்துத் தேவைப்படும் சாமானையும், இரண்டு மணித்தியாலம் கழித்துத் தேவைப்படும் சாமானையும் ஒரே பையில் போட்டுக்கொள்கிறவன்தான் நல்ல துப்பறிவாளன். அன்று அவருடைய பையில் ஓட்டை.

சண்முகராசா அழுத்த அளவுமானியைப் பார்த்தார். ஒன்பது பார்.

"என்ன ஒன்பதிலை நிக்குது? மெஷினுகளுக்கு ஆறு காணுமே! அழுத்தத்தைக் கூட்டக் கூட்டக் கரண்டும் கூடும், ஓட்டையாலை போறதும் கூடும்."

"முதலாளியின்ரை ராசி எண் ஒன்பது" என்றார் விஜயரத்தினம். "நீங்கள்தான் வைச்சுக் குடுத்தனீங்கள்."

சண்முகராசாவுக்கு ஞாபகம் வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். பத்து இருபத்தைந்துக்கு மெஷினைத் தொடக்கியே ஆக வேண்டும். வாசலில் விருந்தாளிகள், வடை, கமெரா. அருட்பிரகாசம் காதுக்குள் 'ஒன்பது வையுங்கோ அண்ணை' என்றார். வைத்தார்.

"சனிக்கிழமை பூட்டேக்கை மெஷினை நிப்பாட்டுறேல்லையோ?"

"நல்ல நேரத்திலை தொடங்கின மெஷின். நிப்பாட்டினாத் திரும்பத் தொடங்கிறதுக்கு இன்னொரு நல்ல நேரம் பாக்க வேணும் எண்டு முதலாளி சொன்னவர். அண்டையிலையிருந்து நிப்பாட்டேல்லை."

"பதினொரு வருசமா ஆஃப் பண்ணாத மெஷினா?" பவளக்கொடி வாயைப் பிளந்தாள். "ஃப்ரிஜ்கூட லீவு எடுக்கும்லா!"

"நீர் ஞாயிறிலை வந்து என்ன செய்யிறனீர்?" என்று கேட்டார் சண்முகராசா.

விஜயரத்தினம் வாளியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு சண்முகராசாவின் முகத்தைப் பார்த்து, அவருக்காக வருத்தப்படுகிறவர் போல, "அதை விடுங்கோ. நான் ஒண்டும் எடுக்கேல்லை. அவ்வளவுதான்" என்றார்.

வெளியே வந்ததும் பவளக்கொடி சொன்னாள்: "அந்த ஆளு யாரையோ காப்பாத்துறாரு பாஸ்."

"ஆரை?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கு உங்ககிட்ட வேலை பாக்குறேன்?"

*

ஒரு மணிக்கு மத்தியானச் சாப்பாடு. அரை மணித்தியாலத்துக்கு எல்லா மெஷின்களும் நின்றன. தொழிற்சாலை முழுவதும் அமைதி, கறி மணம், மைக்ரோவேவின் 'டிங்.'

ஒருவரும் காற்று எடுக்காத அந்த நேரத்திலும் கொம்பிரசர் திடுமென்று உறுமித் தொடங்கியது.

சண்முகராசாவின் முதுகு நிமிர்ந்தது. இது அவருக்குப் பிடித்த விளையாட்டு. பெரிய குழாயிலிருந்து மூன்று கிளைகள் பிரிந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. ஒவ்வொன்றாக மூடினால், எந்தக் கிளையில் திருடன் இருக்கிறான் என்று தெரிந்துவிடும்.

"மிளகாய்ப் பக்கத்தை மூடு."

பவளக்கொடி மூடினாள். அளவுமானி முள் கொஞ்சம் நிதானித்தது. பிறகு இறங்கியது.

"மாப் பக்கம்."

மூடினாள். முள் இறங்கிக்கொண்டே போனது.

அருட்பிரகாசம் சோற்றுக் கையோடு வந்து நின்றார். "மிச்சம் இருக்கிறது ஒபிஸ் பக்கம் போற குழாய். அங்கை ஒரு மெஷினும் இல்லையே! என்ரை கதிரையும் சாமியும் தான் இருக்கு."

சண்முகராசா அலுவலகத்தின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, கையைக் கழுவிப்போட்டு இன்னொரு ஊதுபத்தி கொளுத்துங்கோ."

அலுவலகத்தில் புகை ஒரு சாண் எழுந்து, வழக்கம்போல இடதுபக்கம் திரும்பியது. சண்முகராசா கதவருகில் நின்று உரத்துச் சொன்னார்: "பவளக்கொடி, மூண்டாவதையும் மூடு!"

தூரத்தில் வால்வு கிரீச்சிட்டது. புகை தடுமாறியது. இலக்குமி கையை இறக்கினாள். புகை நேராக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, மேலே போனது.

"திற!"

புகை இடதுபக்கம் திரும்பியது.

அருட்பிரகாசத்தின் வாய் திறந்தபடியே நின்றது. பதினொரு வருடம் கும்பிட்ட கை. "அப்ப... இது..."

"பலகைக்குப் பின்னாலை குழாயின்ரை நுனி இருக்கு. நீக்கலுக்காலை காத்து வருது. உங்கடை கதவடியிலை நிண்டு ஃபோர்க்லிஃப்ட் இரைஞ்சதிலை ஒருத்தருக்கும் சத்தம் கேக்கேல்லை. இந்தப் பலகை எப்ப அடிச்சனீங்கள்?"

"மெஷின் வந்து அடுத்த மாசம்."

மூன்றாவது வால்வை மறுபடி மூடச் சொல்லிவிட்டு, சண்முகராசா சாமித்தட்டை இறக்கி மேசையில் வைத்து, தலையைச் சற்றுக் குனிந்து மன்னிப்புக் கேட்டு, பலகையின் நான்கு திருகாணிகளைக் கழற்றினார். கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு தோள் வரைக்கும் உள்ளே கையை விட்டார். குழாயின் நுனியில் ஒரு சின்ன வால்வு. கால்வாசி திறந்திருந்தது. கைபிடியில் செப்புக் கம்பியால் ஒரு தகட்டு அட்டை கட்டியிருந்தது. இரண்டு சுற்று, ஒரு முறுக்கு.

உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் கம்பியை அப்படி முறுக்குவான். ஜெர்மனியில், டோர்ட்முண்டில், ஒரு கிழட்டு ஃபோர்மனிடம் அதைப் படித்தவன்.

விளக்கை அட்டையின் மேல் பிடித்தார். மை மங்கியிருந்தது. எழுத்து மங்கவில்லை.

*ஒருவரும் தொடக் கூடாது. திங்கள் நான் வந்து மூடுவன். ச.ரா.*

எல்லாம் ஒரே வீச்சில் ஞாபகம் வந்தது. புதுக் குழாய்க்குள் தண்ணீரும் இரும்புத் தூளும் இருக்கும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மெல்ல ஊதி வெளியேறட்டும், திங்கட்கிழமை மூடலாம் என்று நுனியைத் திறந்துவிட்டார். அந்தத் திங்கட்கிழமை அவர் புது அலுவலகத்துக்குப் பெயர்ப்பலகை எழுதுவித்துக்கொண்டிருந்தார். 'காற்றை வீணாக்காதீர்கள்' என்று.

அவருடைய கை, அவரைக் கேட்காமலே, கம்பியை அவிழ்த்தது. அட்டை கோட்டுப் பைக்குள் போனது.

"என்ன அண்ணை இருக்கு?"

"ஒரு வால்வு. கொஞ்சம் திறந்து கிடக்கு."

"ஆர் திறந்தது?"

நாற்பது தொழிற்சாலைகள் காற்றுப் பொலிஸை நம்பிக் கதவு திறக்கின்றன. அந்த நாற்பதும் அவர் கண் முன்னால் வரிசையாக வந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தன. "அது... பராமரிப்பிலை..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை.

முடிக்கத் தேவையிருக்கவில்லை. "பராமரிப்பு எண்டால் விஜயரத்தினம்!" என்றார் அருட்பிரகாசம். மணி இரண்டுக்குப் பத்து நிமிடம். "கூப்பிடுங்கோ அந்தாளை!"

விஜயரத்தினம் வந்தார். கழற்றிய பலகையைப் பார்த்தார். சண்முகராசாவைப் பார்த்தார். அருட்பிரகாசம் கடிதத்தை நீட்டினார். விஜயரத்தினம் கையை ஈரம் போக முழங்காலில் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் அதை வாங்கினார். வாங்கி நான்காக மடித்தார்.

பவளக்கொடி கதவருகில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. ஹெட்போனைக் காதில் மாட்டியிருந்தாள். கருவியை மெதுவாகத் தூக்கி, சண்முகராசாவின் கோட்டுப் பையை நோக்கி நீட்டினாள்.

"பாஸ்" என்றாள். அவள் குரலில் பகிடி இல்லை. "இங்க சீறுது."

மூன்று வால்வும் மூடியிருந்தன. அந்தக் கருவியில் ஒரு சத்தமும் வந்திருக்க முடியாது. அதை அவரைவிட நன்றாகத் தெரிந்த ஆள் லண்டனில் இல்லை. ஆனாலும் அவருக்குக் கேட்டது. நெஞ்சிலிருந்து, பதினொரு வருடமாக, ஒரே அளவில், நிற்காமல்.

பைக்குள்ளிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"நான்தான். என்ரை கை, என்ரை எழுத்து. திங்கள் வந்து மூடுறன் எண்டு எழுதிப்போட்டு வராமல் விட்டது நான். இப்ப ஒளிச்சதும் நான்."

அருட்பிரகாசம் அட்டையை வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார்.

சண்முகராசா விஜயரத்தினத்தின் பக்கம் திரும்பினார். "இதைப்பற்றி உங்களுக்குத் தெரியுமோ?" அவரையறியாமலே 'நீர்' போய் 'நீங்கள்' வந்திருந்தது.

"தெரியும். பலகை அடிக்க முந்தியே வாசிச்சனான்."

"தெரிஞ்சுமோ? ஒரு கையாலை மூடியிருக்கலாமே!"

"தொடக் கூடாது எண்டு எழுதியிருந்தியள்." விஜயரத்தினம் ஏதோ வெளிப்படையான ஒன்றைச் சொல்வது போலச் சொன்னார். "அண்டைக்கு நான் ஒரு வால்விலை கை வைக்க மெஷின் நிண்டு போச்சு. ராகுகாலத்துக்கு அஞ்சு நிமிசம். அவ்வளவு சனத்துக்கும் முன்னாலை 'என்ரை வேலையிலை கை வைச்சா முறிச்சுப்போடுவன்' எண்டனீங்கள். நீங்கள் எஞ்சினியர். திறந்திருக்க வேணும் எண்டால் திறந்திருக்கத்தான் வேணும் எண்டு இருந்திட்டன். ரெண்டு மூண்டு வருசம் போகத்தான், மறந்திட்டியள் போல எண்டு விளங்கினது. அதுக்குள்ளை நீங்கள் காத்துப் பொலிஸ் எண்டு பேர் எடுத்திட்டியள். பேந்து எப்பிடிச் சொல்லுறது? உங்கடை பேர் என்னாகிறது?"

"அப்ப ஞாயிறிலை..." என்று தொடங்கிய அருட்பிரகாசத்தின் குரல் இறங்கியிருந்தது.

"ஓயாமல் ஓடுற மெஷின். அமுக்கின காத்தாலை தாங்கியிலை தண்ணி சேரும். ஆராவது வந்து திறந்து விடாட்டித் தண்ணி குழாயாலை வந்து திங்கக்கிழமைத் தூள் முழுக்கக் கட்டிபட்டுப் போகும். மெல்ல மெல்லத்தான் வடியும், ஒவ்வொரு ஞாயிறும் மூண்டு வாளி."

சண்முகராசா மனதுக்குள் பெருக்கினார். நிறுத்த முயன்றார், முடியவில்லை. ஐந்நூற்று எழுபதுக்கு மேற்பட்ட ஞாயிற்றுக்கிழமைகள்.

"ஒரு ஞாயிறும் விடேல்லையோ?"

"மகளின்ரை சாமத்தியச் சடங்கும் ஒரு ஞாயிறுதான். பந்தியிலை பாதியிலை எழும்பி வந்தனான்." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

துஷ்யாவும் கிறிஸ்துராஜாவும் கதவுக்கு வெளியே நின்றார்கள்.

"கடிதத்தைக் கிழிக்கவா சார்?" என்றாள் பவளக்கொடி. "இல்ல, பேரை மட்டும் மாத்துறீங்களா?"

அருட்பிரகாசம் எழுந்து விஜயரத்தினத்தின் கையிலிருந்து கடிதத்தை வாங்கி நாலாகக் கிழித்தார். கிழித்த துண்டுகளை எங்கே போடுவதென்று தெரியாமல் தன் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். "நானும் ஒண்டு செய்யவேண்டிக் கிடக்கு" என்று முணுமுணுத்துவிட்டுப் பின்பக்கம் போனார். சற்று நேரத்தில், படுத்துக்கிடந்த கொம்பிரசரின் மிச்ச மூச்சும் நின்றது. பதினொரு வருடத்தில் முதல் தடவை. பத்து இருபத்தைந்தும் இல்லை, நல்ல நேரமும் இல்லை. கூரைக்கு மேலே இருந்த புறாக்கள் எல்லாம் பயந்து எழும்பிப் பறந்தன. அவை இன்றுவரை திரும்பி வரவில்லை என்பார்கள். அது எவ்வளவு உண்மையோ தெரியாது.

சண்முகராசா பலகைக்குப் பின்னால் கையை விட்டு, அந்தச் சின்ன வால்வை மூடினார். கால் சுற்று. இரண்டு விரல் போதும்.

பிறகு கருவியைப் பெட்டிக்குள் வைத்து, கோட்டைச் சரிசெய்து, எத்தனையோ ஆயிரம் வாசல்களில் சொன்ன சொல்லை இந்த வாசலிலும் சொல்ல வாயெடுத்தார். "சரி, போட்டு வா..."

விஜயரத்தினம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தப் பழைய அட்டையைத் திருப்பி, வெறுமையான பக்கத்தை மேலே வைத்து அவரிடம் நீட்டினார். முகத்தில் கோபமில்லை. கேள்வி மட்டும்தான் இருந்தது.

"எந்தத் திங்கள் எண்டு எழுதிப்போட்டுப் போங்கோ."

பதினாறு சிவப்பு நாடாக்கள் பதினாறு இடத்தில் தொங்கின. சண்முகராசா பேனாவை வாங்கவில்லை. கோட்டைக் கழற்றி முதலாளியின் கதிரையில் போட்டார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்தார்.

"ஸ்பனரைத் தாங்கோ" என்றார். "நான் போகேல்லை."